வீட்டை விடுதல்

'வீடு' என்னும் சொல் எங்ஙனம் பிறந்தது என்று மாணாக்கரைக் கேட்டால், 'விடு' என்னும் பகுதியின் முதலெழுத்து நீண்டு 'வீடு' ஆயிற்று என்று உடனே சொல்லிவிடுவார்கள். கெடு கேடு ஆனாற்போல, சுடு சூடு ஆனாற்போல, விடு வீடு ஆயிற்று. முதனிலை திரிந்த தொழிற்பெயர். முப்பது வருடமாக இதனைக் கரும்பலகையில் எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கின்றேன். பற்றை விட்டால் அது வீடு, அஃதாவது மோட்சம். தொழிலை விட்டு வந்து ஒருவன் இளைப்பாறும் இடமும் வீடு. வகுப்பில் நான் கூறிவந்த விளக்கம் இவ்வளவே. வாடகை வீடொன்றை நடுத்தவணையில் விட்டுவந்த அநுபவத்தின் பின்னர், அந்த விளக்கத்தைச் சொல்லும்போது நாக் கொஞ்சம் தடுமாறுகின்றது.

குடிபுகுவதற்கு நாம் நாள் பார்க்கின்றோம், நேரம் பார்க்கின்றோம், பால் காய்ச்சுகின்றோம். வெளியேறுவதற்கு எவரும் நாள் பார்ப்பதில்லை. வெளியேறும் நாளைப்பற்றிக் குடிபுகும் நாளிற் பேசுவது அபசகுனம் என்றே பலரும் எண்ணுகின்றனர். வாடகைக்கு இருப்பதோ என்றாவது வெளியேறுவதற்காகவே இருப்பது. வள்ளுவர் நிலையாமை அதிகாரத்தை முடிக்குமிடத்து, உடம்பில் உயிர் இருக்கும் இருப்பைத் 'துச்சில்' என்ற சொல்லாற் குறிப்பார். ஒண்டுக் குடித்தனம் என்று நாம் சொல்வதுதான் அது. அச்சொல்லை ஒரு வாடகை உறுதியின் தலைப்பிற் பொறித்துவைத்தால், உள்ளே புகுபவனுக்கும் வீட்டுக்காரருக்கும் நல்ல ஞாபகமூட்டலாக இருக்கும்.

இந்தப் பக்கத்தை வாசிப்போரிற் பலர் ஆசிரியர்கள். இடமாற்றக் கடிதம் தபாலில் வருவது எப்படியிருக்கும் என்பதை அவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒரு வருடத்துக்கு வீடு எடுத்து, ஆறு மாதப் பணத்தை முற்பணமாகக் கட்டி, நான்காம் மாதத்திற் பெட்டி கட்டியவர்கள் நமக்குள்ளே எத்தனையோ பேர். அந்த முற்பணம் என்னவாயிற்று என்று கேட்டால், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு உரை எழுதுவதே இக்கட்டுரை.

என் கதை இடமாற்றக் கதையன்று. என் தமக்கையார் ஓய்வுபெற்ற ஆசிரியை. எனக்கு எழுத்தறிவித்தவர் அவரே. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தெல்லிப்பழையிற் தொடங்கிய சிகிச்சையை மகரகமவிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலையிற் தொடருமாறு வைத்தியர்கள் கூறினர். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாந் தளத்தில் இரண்டு அறை வீடு கிடைத்தது. வாடகை மாதம் 75,000 ரூபா. ஆறு மாத முற்பணம் 4,50,000 ரூபா. மாதந்தோறும் வாடகையிற் பாதி முற்பணத்திற் கழியும். மறுபாதியைக் கையிற் கொடுக்கவேண்டும். பன்னிரண்டு மாதத்தில் முற்பணம் தீர்ந்துவிடும். அக்காவின் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து அப்பணம் போயிற்று.

ஒப்பந்தம் இரண்டு தாள். ஆங்கிலத்தில் ஒன்று, தட்டச்சுக் கடையிற் செய்வித்த தமிழிலொன்று. அன்று பிற்பகல் அக்காவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டியிருந்தது. ஒருவரி வாசியாமற் கையொப்பமிட்டேன். பரீட்சை மண்டபத்தில், வினாவை வாசித்துவிட்டு விடை எழுதுங்கள் என்று ஆண்டுதோறும் ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லுகின்றவன் செய்த காரியம் இது.

நான்காம் மாதத்தில் வைத்தியர்கள் இனிச் செய்வதற்கு அதிகமில்லை என்பதை நயமாகச் சொன்னார்கள். அக்கா அதனை என் முகத்திலிருந்தே அறிந்துகொண்டார். அந்த வீட்டின் பின்பக்க யன்னலாற் பார்த்தால் கடலோரப் புகையிரதப் பாதை தெரியும். இரவில் ஒரு புகையிரதம் போயிற்று. "இது எங்கட பக்கம் போற கோச்சியே, தம்பி?" என்று கேட்டார். காலிப் பக்கம் போவது என்றேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "என்னை வீட்டை கொண்டுபோய் விடு" என்றார்.

அன்றிரவுதான் ஒப்பந்தத்தை முதன்முறையாக வாசித்தேன்.

தமிழ்ப் பிரதியில் இருபது விதிகள் இருந்தன. தொழிற்குற்றம் பழகிய கண்ணல்லவா, எழுவாயையும் பயனிலையையுமே முதலிற் தேடிற்று. விதிக்கு விதி எழுவாய் 'குடியிருப்பவர்'. குடியிருப்பவர் செலுத்துவார், குடியிருப்பவர் ஆணி அறையார், குடியிருப்பவர் பிறருக்கு மேல்வாடகைக்குக் கொடார். எல்லாம் செய்வினை, எல்லாவற்றிலும் ஆளும் செயலும் பளிச்சென்று நின்றன. வீட்டுக்காரரின் கடமை வரும் இடத்தில் மாத்திரம் எழுவாய் மறைந்துபோயிற்று. பதினான்காம் விதி, குத்தகை எக்காரணத்தாலாயினும் முன்னதாக முடிவுறின், முற்பண மீதி, உரிய கழிவுகள் செய்யப்பட்டு, திருப்பிக் கொடுக்கப்படும் என்றது.

'கொடுக்கப்படும்.' யாரால்? எப்பொழுது? செயப்பாட்டுவினை தமிழுக்கு அந்நியம் என்று வாதிடுகின்ற புலவர்கள் உண்டு. நான் அக்கட்சியைச் சேர்ந்தவனல்லேன். ஆயினும், பணம் கொடுக்கவேண்டிய இடத்திற் செயப்பாட்டுவினை வருமாயின், அங்கே ஒருவர் திரைக்குப் பின்னால் நிற்கிறார் என்று கொள்ளலாம். 'உரிய' என்பதும் அப்படியே. குறிப்புப் பெயரெச்சம். காலம் காட்டாது, அளவும் காட்டாது. யாருக்கு உரிய? எவ்வளவு உரிய?

மறுநாள் வீட்டுக்காரரிடம் போனேன். அவரும் ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தரே. அவ்வீட்டு வாடகை அவர் குடும்பத்தின் சீவனத்திற் பெரும் பங்கு. அக்காவின் நிலையைச் சொன்னேன். உண்மையாகவே வருந்தினார். தேநீர் தந்தார். நான்கு மாதத்தில் 1,50,000 கழிந்துவிட்டது, மீதி மூன்று இலட்சம் என்றேன். "மீதி எட்டு மாதத்துக்கு வாடகை ஆறு இலட்சம், அதுதான் உரிய கழிவு. அந்த வகையில் நீங்கள்தான் எனக்குத் தரவேண்டும், பண்டிதர். உங்களுடைய நிலையைப் பார்த்து அதை நான் கேட்கவில்லை" என்றார். பேசிக்கொண்டு போகையில் உண்மைக் காரணமும் வெளிவந்தது. முற்பணம் அவர் கையில் இல்லை. மகளின் வெளிநாட்டுப் படிப்புக்கு அது போய்விட்டது.

இது அவருக்கு மட்டும் உரிய குறையன்று. முற்பணம் வாங்கும் வீட்டுக்காரர்களுள் அதைப் பெட்டியிற் பூட்டி வைத்திருப்பவர் மிகச் சிலரே. ஒரு குடியிருப்பாளரின் முற்பணத்தைத் திருப்பிக் கொடுப்பது அடுத்த குடியிருப்பாளரின் முற்பணம். இந்தச் சங்கிலி ஓடும்வரையில் ஒருவரும் அறியார். ஒருவர் நடுவில் இறங்கும்போதுதான் கண்ணி தெரிகின்றது. அந்நிலையில் வீட்டுக்காரருடைய கோபத்துக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் பயம்.

ஆற்றாமையோடு சட்டத்தரணியான பழைய மாணாக்கர் ஒருவரிடம் சென்றேன். அவர் தாளைப் புரட்டி, கடைசிப் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு சாட்சிகள் உளர், நொத்தாரிசு இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் இந்நாட்டில் உயிரோடிருக்கின்றது. காணியையோ வீட்டையோ ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குக் குத்தகை கொடுப்பதாயின், அது நொத்தாரிசின் முன்னிலையில், சாட்சிகளோடு நிறைவேற்றப்படல்வேண்டும். அன்றேல் அக்குத்தகைக்கு வலுவில்லை. அப்படி வலுவற்றுப்போன ஒப்பந்தத்தின்கீழ் ஒருவர் குடியிருந்து மாதவாடகையும் கட்டிவந்தால், நீதிமன்றங்கள் அவரை மாதவாடகைக் குடியிருப்பாளராகவே கொள்ளுவது வழக்கம். முழுமாத முன்னறிவித்தல் ஒன்று கொடுத்துவிட்டு அவர் போகலாம். "சேர், உங்களுடைய ஒரு வருடம் சட்டத்தில் ஒரு மாதந்தான்" என்றார் அவர்.

இதை இங்கே விரித்துச் சொல்வதற்குக் காரணமுண்டு. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரு வருடத்துக்கென்று எழுதப்படும் வாடகைத் தாள்களிற் பல நொத்தாரிசைக் காணாதவை. செலவு மிச்சம் என்று இருபாலாரும் எண்ணுகின்றார்கள். அத்தாள் தம்மை எவ்வளவு கட்டும், எவ்வளவு கட்டாது என்பதை இருபாலாரும் அறியார். அறியாமையால் மூன்று இலட்சத்தை விட்டுவிட்டு வருபவன் உண்டு. அறியாமையால் எட்டு மாத வாடகை வரும் என்று நம்பிக் கடன்படும் வீட்டுக்காரரும் உண்டு. ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு விதமாதலால், இங்கு வாசித்ததைக் கொண்டு ஒருவரும் வழக்காடப் புறப்படவேண்டா. சட்டத்தரணியைக் கேட்டே செய்க.

நான் செய்ததைச் சொல்லுகின்றேன். அந்தக் கட்டளைச் சட்டத்தின் ஆண்டையும் இலக்கத்தையும் எழுதி, கலம்பகம் பாடும் உற்சாகத்தோடு வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் விடுத்தேன். இலக்கணப் பிழையில்லாத கடிதம். பதில் ஒரேயொரு வரி: "பண்டிதர் ஐயா, கையெழுத்து உங்களுடையதுதானே?"

அந்த வரி என்னை இரண்டு நாள் உறங்கவிடவில்லை. சட்டம் வலுவற்றது என்று சொல்லும் தாளில் இருந்த கையெழுத்து என்னுடையதே. அவர் என் சொல்லை நம்பி, வேறு இருவரைத் திருப்பி அனுப்பிவிட்டு எனக்கு வீட்டைத் தந்தார். நொத்தாரிசு இல்லாத குறையை இருவரும் சேர்ந்தே செய்தோம். அந்தக் குறையைப் பிடித்துக்கொண்டு நான் மட்டும் கரையேறுவது முறையா? முறையன்று என்றால், அக்காவின் மூன்று இலட்சத்தை அப்படியே விட்டுவிடுவது முறையா?

அப்போது எனக்கு நினைவில் வந்தது 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு. வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி மழையில் நடந்த இரவு. எங்கள் வீட்டுப் பக்கத்தறையில் ஓர் இளம் ஆசிரியர் வாடகைக்கு இருந்தார். தாள் ஒன்றும் எழுதவில்லை. அவரும் எங்களோடு நடந்தார். நாவற்குழிப் பாலத்துக்கு இப்பால், நெரிசலில் நின்ற இடத்தில், அவர் அந்த மாத வாடகையை எடுத்து ஐயாவிடம் நீட்டினார். "இப்ப இதென்ன தம்பி?" என்றார் ஐயா. "மாதம் முடிஞ்சுதெல்லோ ஐயா" என்றார் அவர். ஐயா வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பின்பு அந்த மடியிலிருந்தே அவருடைய முற்பணத்தை எண்ணித் திருப்பிக் கொடுத்தார். அறை பூட்டியிருந்ததோ திறந்திருந்ததோ இருவருக்கும் தெரியாது. கணக்கு ஒரு நிமிடத்தில் முடிந்தது. அந்த முற்பணம் செலவாகாமல் ஐயாவின் மடியில் இருந்ததனால் முடிந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

நம்முடைய பழைய வழக்கில் இதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்துப் பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்பிய தேசவழமையில் ஒற்றி பேசப்படுகின்றது. ஒற்றிக்குப் பணம் கொடுத்தவன் காணியை அநுபவிப்பான். அநுபவம் வட்டிக்கு ஈடு. மீட்கும் நாளில் முதல் முழுவதும் திரும்பவேண்டும். 'உரிய கழிவு' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஆனால் ஒற்றியிலும் இதே முடிச்சு உண்டு. காணிக்காரன் பணத்தைச் செலவழித்திருப்பான். ஒற்றிபிடித்தவன் விலக விரும்பினால், காணிக்காரன் இன்னொருவரிடம் பணம் பெற்று இவனைத் தீர்ப்பான். ஆள் மாறும், பணம் கைமாறும், காணி இருந்த இடத்தில் இருக்கும். கிராமத்தில் இதனை ஒரு வழக்காகவே எவரும் எண்ணியதில்லை.

நடுவில் விலகுபவன் வீட்டுக்காரருக்கு என்ன கடன்பட்டிருக்கின்றான் என்ற வினாவுக்கு, இதைக்கொண்டே நான் விடை கூறுவேன். அவன் கடன்பட்டது அவருக்கு உண்மையில் வந்த நட்டத்துக்கு. அதற்கு மேல் இல்லை. வீடு ஒரு மாதம் வெறுமையாகக் கிடந்தால் ஒரு மாத வாடகை. சுவருக்கு வெள்ளையடித்தால் அந்தச் செலவு. தரகருக்குக் கொடுத்தால் அதுவும். மூன்றாம் வாரத்தில் வேறொருவர் குடிவந்துவிட்ட பின்பு, பழையவனிடம் எட்டு மாதத்துக்கு வாங்குவது ஒரே வீட்டை இரண்டு பேருக்கு விற்பதற்குச் சமானம். வெறுமையாகக் கிடக்கும் வீட்டுக்கு ஆள் தேடாமல், முற்பணம் இருக்கிறதே என்று பேசாதிருப்பதும் நேர்மையன்று. தன் நட்டத்தைக் குறைக்கக் கூடியவன் குறைக்கவேண்டும் என்பது நட்டஈட்டுச் சட்டத்திற் பழைய கொள்கையே.

வீட்டுக்காரர் பக்கத்து நியாயத்தை நான் மறுக்கவில்லை. 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது, ஒரு கடிதமும் இல்லாமல், மின்கட்டணமும் கட்டாமல், விமானம் ஏறியபின் செய்தி அனுப்பியவர்களை நாம் அறிவோம். அத்தகையோரை நினைத்தே வீட்டுக்காரர்கள் ஆறு மாதம், ஒரு வருடம் என்று முற்பணம் கேட்கின்றனர். குத்தகைக் காலம் முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து உடைமையை விரைவில் மீளப் பெறுவதற்கு 2023ஆம் ஆண்டில் ஒரு சட்டமும் வந்திருக்கின்றது, அது வேண்டியதே. ஆனால் போகாதவனைப் போக்குவதற்குச் சட்டம் செய்த நாட்டில், போகவேண்டியவன் மரியாதையாகப் போவதற்கு வழி தாளிலேயே எழுதப்படவேண்டும். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் முற்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்று ஓர் எல்லை வகுத்தது. இன்றுள்ள தொடர்மாடிகளிற் பல அச்சட்டத்தின் வேலிக்கு வெளியே நிற்கின்றன. ஆதலின், கையொப்பத்துக்கு முன் பேசுவதைத் தவிர வேறு காவல் இல்லை.

பேசவேண்டியவை அதிகமல்ல. எத்தனை மாத முன்னறிவித்தலோடு விலகலாம்? விலகினால் எவ்வளவு கழியும், தொகையாகச் சொல்லுங்கள். எனக்குப் பதிலாக ஒரு நல்ல குடும்பத்தை நானே கொண்டுவந்தால் ஏற்றுக்கொள்வீர்களா? மிச்சப் பணம் எத்தனை நாளில் வரும்? மாலை போட்டுப் பெண் பார்க்கப் போனவன் சீதனக் கணக்குக் கேட்பதற்குக் கூசாத சமுதாயம் இது. இந்த நான்கு கேள்விகளைக் கேட்பதற்கு மட்டும் ஏன் கூசுகின்றது?

இரண்டு நாள் கழித்து நான் மீண்டும் அவரிடம் போனேன். கடிதத்தை மறந்துவிடும்படி கேட்டேன். ஆள் தேடித் தருகின்றேன் என்றேன். "ஆள் வந்தால் எனக்கென்ன, பண்டிதர்?" என்றார். அன்று பின்னேரமே அக்காவை ஒரு வானிற் படுக்கவைத்துச் சுன்னாகம் கொண்டுவந்தேன். வழியெல்லாம், அந்த மனிசனிட்டைக் கடுமையாய்ப் பேசிப்போடாதே என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் எழுதிய கடிதத்தைப்பற்றி அவருக்குச் சொல்லவில்லை.

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு மாற்றலாகி வந்த ஓர் ஆசிரியத் தம்பதியை நண்பர்கள் மூலம் பிடித்தேன். மூன்று வாரத்தில் அவர்கள் குடிபுகுந்தார்கள். அவர்கள் தந்த முற்பணத்திலிருந்து, ஒரு மாத வாடகையையும் சுவர் வேலைக்கு 20,000 ரூபாவையும் கழித்துக்கொண்டு, மிச்சம் 2,05,000 ரூபாவை வீட்டுக்காரர் தந்தார். கழிவைப்பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை, அது உரியதே. பணம் கைக்கு வந்தது ஆவணியில். அக்கா ஆடி அமாவாசைக்கு முன்னரே போய்விட்டார், தம் வீட்டில், தம் கட்டிலில்.

புதிதாக வந்த ஆசிரியை, ஒப்பந்தத்தைக் கையொப்பத்துக்கு முன் ஒருமுறை பார்த்துத் தருமாறு கேட்டிருந்தார். இம்முறை நொத்தாரிசின் மேசைக்குப் போகும் உறுதி. பதினான்காம் விதி அதே இடத்தில் அப்படியே இருந்தது. 'கொடுக்கப்படும்' என்பதை வெட்டி, 'வீட்டுக்காரர் முப்பது நாளுக்குள் கொடுப்பார்' என்று எழுதினேன். 'உரிய கழிவுகள்' என்பதை வெட்டி, ஒரு மாத வாடகைக்கு மேற்படாத கழிவு என்று எழுதினேன். வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "'கொடுப்பார்' என்று போட்டது மரியாதைக்கோ, பண்டிதர்?" என்று கேட்டார்.

"ஓம், மரியாதைக்குத்தான்" என்றேன். கையொப்பமிட்டார்.